கரை வெளியே தெரியணும்

"கரை முன்னாடி வரணும் தம்பி, கவுன்சிலர் வேட்டி." மடித்த வேட்டியை மறுபடி பிரித்துத் தேய்த்தார் இஸ்திரி வண்டி அண்ணன்.

கறுப்பு சிவப்புக் கரை. இரண்டு விரல் அகலம்தான் இருக்கும்.

அதைப் பார்த்ததும் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறோம். ஆள் எப்படி என்று தெரிவதற்கு முன்பே. நானும்தான்.

வேட்டி என்றதும் இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீடு. காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறினார். மதுரைக்கு வரும் ரயிலில், கதர் வாங்க எங்களிடம் காசில்லை என்று சிலர் சொன்னது அவரை உறுத்தியிருக்கிறது.

1931இல் லண்டனில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அதே உடைதான்.

சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேலமாசி வீதி வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.