சிடி தேடிய கதை

ஜூன் 7, சனி இரவு

லேப்டாப் படுத்துவிட்டது. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது பொறுமையில்லாமல் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தது நான்தான். இப்போது நீலத் திரை, ரிப்பேர் செய்வதாக ஒரு வட்டம், மறுபடி நீலத் திரை. இதை ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

விண்டோஸை மறுபடி போட்டுவிடலாம் என்று சிடியைத் தேடி அலமாரியைக் குடைந்தேன். அரை மணி நேரம் கழித்து ஒன்று கிடைத்தது, பழைய பிரிண்டரோடு வந்தது. அதையும் கையில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது: இதில் சிடி போட இடமே கிடையாது! 2021-ல் வாங்கியது. பெட்டியில் சார்ஜரும் வாரண்டித் தாளும்தான் இருந்தன.

சிடிக்குப் பதிலாக டிஸ்கிலேயே ரெக்கவரி பார்ட்டிஷன் என்று, விண்டோஸை மறுபடி நிறுவ ஒரு தனிப் பகுதி வைத்துத்தான் கொடுத்தார்கள். '15 ஜிபி சும்மா கிடக்கிறதே' என்று இரண்டு வருடம் முன்பு அதை அழித்த புத்திசாலியும் நான்தான்.

விண்டோஸின் பழுதுபார்க்கும் திரை மட்டும் வருகிறது. ஃபைல்களை வைத்துக்கொண்டு ரீசெட் செய்யும் வழியைக் கொடுத்தேன். பாதி தூரம் ஓடிவிட்டு, எந்த மாற்றமும் செய்யவில்லை என்று கைவிரித்தது.

ஜூன் 8, ஞாயிறு

முதலில் ஃபைல்கள். நான்கு வருடப் படங்கள், பாதி எழுதிய கட்டுரைகள். பேக்கப்பா? கேட்காதீர்கள்.

பழுதுபார்க்கும் திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட், அதாவது கட்டளைகளைத் தட்டும் கறுப்பு ஜன்னல், இருக்கிறது. திறந்தால், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க கீயைக் கேட்டது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்ததே எனக்குத் தெரியாது. நல்லவேளை, அந்தக் கீ என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. ஃபோனில் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அடித்தேன்.

அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. அங்கே notepad என்று அடித்தால் நோட்பேட் திறக்கிறது. அதில் ஃபைல், ஓப்பன் போய், 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், அந்தச் சின்ன ஜன்னலே ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மாதிரி ஆகிவிடுகிறது. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, வெளி ஹார்ட் டிஸ்கில் பேஸ்ட். இரண்டு விஷயங்களில் தடுமாறினேன். ஒன்று, டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கின்றன; என் சி டிரைவ் அங்கே டி. இன்னொன்று, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது, ஜன்னல் உறைந்துபோய் நிற்கும். பவர் பட்டன் பக்கம் கை போனது. சனிக்கிழமை பாடம் நினைவிருந்ததால் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது எல்லாம் நகலாகியிருந்தது.

ஜூன் 9, திங்கள்

நண்பரின் கணினியில் விண்டோஸ் 11-ஐ நிறுவும் பென் டிரைவைத் தயாரித்துத் தரும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டினேன். 8 ஜிபி பென் டிரைவ் போதும். ஆனால் அதில் இருப்பதை எல்லாம் துடைத்துவிடும். பென் டிரைவிலிருந்து பூட் ஆனது, மொழி கேட்டது, சரி சரி என்று போனேன். எங்கே நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலி. டிஸ்கே இல்லை.

லேப்டாப்பின் டிஸ்கான எஸ்எஸ்டி போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். மாலையில்தான் தோன்றியது: செத்த டிஸ்கிலிருந்து நேற்று எப்படி ஃபைல் எடுத்தேன்? அப்படியானால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. பென் டிரைவில் இருக்கும் விண்டோஸுக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை.

அதுதான் விஷயம். இன்டெல் 11-ம் தலைமுறை ப்ராசஸரிலிருந்து பல லேப்டாப்களில் டிஸ்க், அதை நிர்வகிக்கும் விஎம்டி என்ற கண்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவரை, அதாவது அந்தப் பாகத்தோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருளை, கொடுத்தால்தான் டிஸ்க் தெரியும். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் டிரைவர் கிடைக்கிறது, ஆனால் exe என்ற நிறுவல் ஃபைலாக. அதை அப்படியே கொடுத்தால் பயனில்லை, பிரித்து உள்ளே இருக்கும் inf ஃபைலோடு பென் டிரைவில் வைக்க வேண்டும். 'லோட் டிரைவர்' அழுத்தி அதைக் காட்டியதும் டிஸ்க் எட்டிப் பார்த்தது.

பழைய பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தேன். அழிக்கும்போது வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு அறையில் வைத்திருந்தேன். என்னை எனக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

இரண்டு நாளாகக் கவலைப்பட்டது விண்டோஸின் உரிம எண்ணான ப்ராடக்ட் கீக்குத்தான். யாருமே கேட்கவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் எழுதப்பட்டு வருகிறது; நிறுவும்போது அதுவே படித்துக்கொள்கிறது. ஹோம் பதிப்பா ப்ரோ பதிப்பா என்றுகூடக் கேட்கவில்லை. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகியிருக்கிறது.

மாட்டியது வைஃபையில். நிறுவல் இணையம் கேட்கிறது, வைஃபை டிரைவரோ இல்லை. டிரைவரை இறக்கவும் இணையம் வேண்டும். ஃபோனை யுஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங்கைப் போட்டதும் நகர்ந்தது.

பேக்கப்பில் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன். டெஸ்க்டாப்பில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கி நோட்ஸ், மறைந்திருக்கும் ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. நோட்பேட் ஜன்னலில் அது கண்ணில் படவே இல்லை. ஏழெட்டு வரி எழுதியிருந்தேன். என்ன எழுதினேன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.