காலி டின்னுக்கு 20,000 ரூபாயா?

எங்கள் வீட்டுப் போட்டோக்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தன. என் கம்ப்யூட்டரில் கொஞ்சம், வீட்டம்மா போனில் கொஞ்சம், தங்கச்சி கல்யாண வீடியோ ஒரு பென் டிரைவில், அந்த பென் டிரைவ் எங்கேயோ. எல்லாத்தையும் ஒரே இடத்தில் போட்டு, வீட்டு வைஃபையில் யாரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி நாஸ் (NAS) என்கிற பெட்டி ஒன்றை வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். கூடவே அப்பாவும் செருப்பை மாட்டினார்.

அப்பா மதுரை கீழமாசி வீதியில் 32 வருஷம் மளிகைக்கடை வைத்திருந்தவர். எதையும் நிறுத்து, அளந்து, சாக்கு எடையைக் கழித்துத்தான் பார்ப்பார்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடை. கடைத் தம்பி அழகான கறுப்பு நாஸ் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். இரண்டு டிஸ்க் போடுகிற மாடல், கிட்டத்தட்ட 20,000. அப்பா பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன தம்பி இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா. டிஸ்க் தனியா வாங்கணும்."

"காலி டின்னுக்கு 20,000 ரூவாயா? எண்ணெய் டின்னுன்னாக்கூட திருப்பிக் குடுத்தா காசு தருவாய்ங்கடா."

தம்பி சளைக்கவில்லை. "ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு பண்ணிக்கலாம்ங்கய்யா."

அப்பா முகம் மாறிவிட்டது. விற்பனைவரிக்காரர்களைப் பார்த்தே காலம் தள்ளியவர். "எதுக்குடா ரெய்டு? பில் போட்டுத்தானே வாங்குறோம்?"

அந்த ரெய்டு இல்லை என்று புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. நாலு டெராபைட் (டிபி) டிஸ்க் இரண்டு போட்டால் எட்டு கிடைக்காது, நாலுதான் கிடைக்கும். இரண்டிலும் ஒரே சரக்கு, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும். "பில் புக்ல கார்பன் பேப்பர் வைக்கிற மாதிரிப்பா" என்றேன், பெருமையாக.

கொஞ்சம் யோசித்தார். "அப்ப மேல தப்பா எழுதுனா கீழயும் தப்பாத்தானே விழும்?"

கடைத் தம்பி என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். உண்மை அதுதான். ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்தால் ரெய்டு அதை இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துவிடும். ரெய்டு வேறு, பேக்கப் வேறு என்று விவரம் தெரிந்தவர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

"நாங்க பகல்ல நாள்வழியில எழுதி, ராத்திரி கடை சாத்துனப்புறம்தான் பேரேட்டுல ஏத்துவோம். பகல்ல பண்ண தப்பு அதுக்குள்ள தெரிஞ்சுரும்" என்றார்.

கறுப்புப் பெட்டி அலமாரிக்கே போனது. நாலு டிபி வெளி டிஸ்க் இரண்டு மட்டும் வாங்கினோம். விலையில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிளைக் கொசுறாக வாங்காமல் அப்பா படியிறங்கவில்லை.

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையே நாஸ் ஆக்கலாம் என்பது என் யோசனை. சும்மா இருந்தாலே 60 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாசத்தில் 86 யூனிட். "கவர்மென்ட் சும்மா குடுக்குற 100 யூனிட்டையும் இதுவே தின்னுரும்" என்று அதுவும் தள்ளுபடி. கடைசியில் ஸ்க்ரீன் உடைந்த லேப்டாப்புக்கு யோகம் அடித்தது. 15 வாட்தான், கரண்ட் போனால் அதன் பேட்டரியே யூபிஎஸ். எந்தக் கம்ப்யூட்டரையும் நாஸ் ஆக்குகிற, காசில்லாத ஓப்பன்மீடியாவால்ட் சாஃப்ட்வேரை ஏற்றினேன். அப்பா சொன்னபடியே முதல் டிஸ்க் நாள்வழி, இரண்டாவது பேரேடு: ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்சிங்க் என்கிற புரோகிராம் முதலில் இருப்பதை இரண்டாவதில் ஏற்றிவிடும்.

டிஸ்க்கை விண்டோஸில் சொருகிக் காட்டினால் நாலு டிபிக்குப் பதில் 3.63 என்று வந்தது. "எடையில கை வச்சுட்டான்!" என்று பில்லை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது என்று விளக்கியதும் உட்கார்ந்தார். "சின்னப் படியில அளந்து குடுக்குறான், நீ பெரிய படியில அளந்து பாக்குற. அப்படிச் சொல்லு."

அடுத்தது ஃபைல்களைக் காப்பி பண்ணுவது. என் கம்ப்யூட்டரில் இருந்த பழைய டிஸ்க்கிலிருந்து ரவுட்டர் வழியாக லேப்டாப்புக்கு ஒரு டிபி. ஓசியில் வந்த ரவுட்டரில் 100 மெகாபிட் போர்ட்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆக, நொடிக்கு 11 மெகாபைட்தான். மொத்தம் 25 மணி நேரம். கொசுறு கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம், அது என்ன செய்யும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "சரக்கு அந்த டிஸ்க்லதான இருக்கு? அதைக் கழத்தி லேப்டாப்லயே சொருகக் கூடாதா? குடோன் வாசல்ல லாரிய விட்டு இறக்காம, எதுக்குடா தெருமுனையில இருந்து மூட்டை சுமக்குற?"

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஏறிவிட்டது.

இப்போது ஷேர் ஃபோல்டரின் பெயர் 'குடோன்'. தங்கச்சி கல்யாண வீடியோ எங்கே என்று அம்மா கேட்க, "குடோன்ல இருக்கு" என்று அப்பா சொல்ல, அம்மா மாடி ரூம் சாவியைத் தேடியது தனிக்கதை. மாசம் முதல் தேதி ஸ்டாக் எடுக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. போன மாசம் எடுத்தேன். அப்பா போனிலிருந்து மட்டும் 2,300 படங்கள், அத்தனையும் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்'.

அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

"அது ஓடுற சரக்குடா. கை வைக்காத."