நாடாவின் முதல் நிமிடம்

கேபிள் சுருட்டத் தெரியாதவர் கையில் கேமராவைக் கொடுப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் மாணவர்களாக நாம் நடத்திய வளாகத் தொலைக்காட்சியில் அதுதான் எழுதப்படாத சட்டம். புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு முதல் வாரம் முழுக்க இந்த ஒரு வேலைதான். முழங்கையில் நூல்கண்டு போலச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும். சில மாதத்தில் பிளக்கை ஒட்டிய இடத்தில் செம்புப் பின்னல் அறுந்து, மைக்கில் கரகரவென்று சத்தம் வரும். ஒரு சுற்றை நேராக விட்டு, அடுத்த சுற்றில் மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒன்றில் ஏறிய முறுக்கு மற்றதில் இறங்கிவிடும். இரண்டு சாண் அகலத்தில் வட்டம், ஒட்டுப்பட்டையால் ஒரு கட்டு. இப்படிச் சுருட்டி வைத்த 10 மீட்டர் கேபிளைப் பிடித்து வீசினால் சிக்கில்லாமல் விரியும். படிப்பு முடிந்ததும் கிளம்பிவிடுகிற பிள்ளைகள் நடத்தும் நிலையம் அது. அங்கே செய்த வேலை எல்லாமே அடுத்து வருபவருக்காகச் செய்ததுதான்.

தென்னாப்பிரிக்காவில் நாடு தழுவிய தொலைக்காட்சி 1976 ஜனவரி 5 அன்றுதான் தொடங்கியது. நம் முன்னோர் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. இடையில் 115 ஆண்டு. அந்த இடைவெளியை நினைத்துத்தான், கையில் கேமரா கிடைத்ததும் காவடி, தீமிதி, பாட்டிமாரின் பேச்சு இவற்றை முதலில் பதிந்து வைக்க வேண்டும் என்று முடிவானது. விளையாட்டுச் செய்தி, மாணவர் தேர்தல், சிற்றுண்டிச்சாலை விலை எல்லாம் வாராந்தர அரை மணி நிகழ்ச்சியில் வந்து போயின. அவற்றைப் பற்றி இங்கே சொல்ல அதிகம் இல்லை.

காவடிப் படப்பிடிப்பில் கெடுவது பெரும்பாலும் ஒலி. கேமராவின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாட்டை அப்படியே விட்டால், உறுமியில் ஓர் அடி விழுந்ததும் அது மொத்த ஒலியையும் கீழே அமுக்கும். அடிக்கும் அடிக்கும் நடுவே மெல்ல மேலே தூக்கும். கேட்டால் படமே மூச்சு வாங்குவது போல இருக்கும், பாடுகிறவர் குரல் அதில் மூழ்கிவிடும். தொகுப்பில் இதைச் சரிசெய்ய முடியாது. கட்டுப்பாட்டைக் கைக்கு மாற்றி, மேளம் உச்சத்தில் இருக்கும்போது அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துவிட்டு, பிறகு தொடாமல் இருக்க வேண்டும். கோயில் ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து நேரே இணைப்பு எடுப்பதானால், அங்கே வருவது மைக் அளவைவிடப் பன்மடங்கு பலமான மின்சைகை. கேமராவில் லைன் என்ற பக்கம் சுவிட்ச் போடாமல் செருகினால் குரல் கிழிந்துதான் பதிவாகும். ஊ என்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், கேமராவும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுக்கின்றன என்று பொருள். இரண்டையும் ஒரே பிளக் பலகைக்குக் கொண்டுவரலாம், இல்லையென்றால் கேமராவை பாட்டரியில் ஓட்டலாம். பிளக்கின் எர்த் கம்பியை வெட்டினாலும் ரீங்காரம் நிற்கும். ஆனால் ஈரத் தரையில் வெறுங்காலோடு நூற்றுக்கணக்கானவர் நடக்கும் இடத்தில் அது உயிருக்கு உலை வைக்கும் காரியம். யார் சொன்னாலும் செய்யக் கூடாது.

பேட்டி என்றால் சட்டையில் செருகும் சிறு மைக். பட்டுப்புடவை முந்தானையில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரவென்று கேட்கும். ரவிக்கைக் கழுத்தின் ஓரம் நல்ல இடம், ஆனால் தாலிச் சங்கிலி அங்கே வந்து உரசும். சங்கிலியைக் கழற்றச் சொல்லக் கூடாது. மைக்கை இரண்டு விரல் பக்கவாட்டில் தள்ளி, ஒயரை ஒரு சிறு வளையமாக மடித்து ஒட்டினால் போதும். அதையும் குழுவில் இருக்கும் பெண் பிள்ளைதான் செய்வாள், 'ஆயா, கொஞ்சம் தொடட்டுமா' என்று கேட்டுவிட்டு.

தைப்பூசம் டர்பனின் கோடைக்காலத்தில் வருகிறது. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே கொண்டுபோனால், குளிர்பானப் புட்டியின்மேல் பூப்பது போலக் கேமராவின் உள்ளே நாடா சுற்றும் உருளையிலும் நீர் பூக்கும். திரையில் ஈர எச்சரிக்கை வரும், கேமரா வேலை செய்ய மறுக்கும். வற்புறுத்தி ஓட்டினால் நாடா உருளையில் ஒட்டிக் கசங்கும். அதனால் அறைக்குள்ளேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, வெளியே எடுத்துவந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் பையைப் பிரிப்பது.

எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டுவதுதான் வெண்மைச் சமன். அதற்கு வெள்ளை அட்டை கொண்டுவர மறந்தவர்கள் குருக்களின் வேட்டியைக் காட்டுவார்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு நீலம். அந்த நீலத்தையே வெள்ளை என்று அது எடுத்துக்கொள்ள, படம் முழுக்க மஞ்சள் தட்டும். மஞ்சள் பந்தலின் கீழே இது இன்னும் மோசம். பந்தலுக்குள் ஒரு முறை, வெளியே வந்ததும் ஒரு முறை, அட்டையைக் காட்டியே சமன் செய்ய வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று தீமிதி. தீக்குழிக்கு மேலே அனல் அலையடிப்பதால் தானியங்கிக் குவியம் (ஃபோகஸ்) நிலைகொள்ளாது, முன்னும் பின்னும் அலையும். குழியின் மறுகரையில் நிற்கும் ஒருவர் காலைப் பார்த்துக் கையால் குவியம் வைத்துவிட்டு அங்கேயே காத்திருப்பதுதான் வழி. காற்று நம் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். சாம்பல் லென்ஸில் படிந்தால் துடைத்துவிடலாம், கேசட் கதவுக்குள் போனால் போனதுதான்.

உள்ளரங்கில் 800 வாட் ஒளிவிளக்குகள். நம் ஊர் 230 வோல்ட்டில் ஒன்று மூன்றரை ஆம்ப் இழுக்கும், நான்கு போட்டால் 14. அதே இணைப்பில் யாராவது தேநீருக்கு மின்கெண்டி போட்டால் சில நிமிடத்தில் 20 ஆம்ப் பிரேக்கர் விழும். குவார்ட்ஸ் பல்பை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்ப் வெடிக்கும். 2008 ஜனவரியில் மின்வெட்டு உச்சத்துக்குப் போனபின் தொகுப்புக் கணினிக்குத் தனி பாட்டரி இல்லாமல் உட்காருவதே இல்லை என்றாயிற்று.

தமிழ்த் தலைப்பு போடுவது தனிப் போராட்டம். அன்றைய தொகுப்பு மென்பொருளில் யூனிகோடில் 'செய்தி' என்று அடித்தால், கொம்பு சகரத்துக்குப் பின்னால் விழுந்து யகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளை வந்த வரிசையிலேயே அது வரைந்ததுதான் காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கொம்பை முதலில், எழுத்தைப் பிறகு, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பதால் இந்தக் குழப்பம் வராது. அல்லது வேறு செயலியில் எழுதிப் படமாக மாற்றிக் கொண்டுவருவது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் எந்தத் தலைப்பும் திரைக்குப் போகக் கூடாது. தமிழ் பேச்சு குறைந்த ஊரில், திரையில் வரும் தமிழாவது பிழையில்லாமல் இருக்க வேண்டும். பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். மூட்லி என்று பதிவான குடும்பம் முதலிதான். ஆனால் அவர் எப்படி எழுதச் சொல்கிறாரோ அப்படித்தான் போட வேண்டும், திருத்தும் உரிமை நமக்கு இல்லை.

இனி நாடா. நம்முடையது மினிடிவி (MiniDV) என்ற சிறு கேசட். ஒரு மணி நேரக் கேசட்டை 90 நிமிடத்துக்கு இழுத்துப் பதியும் வசதி கேமராவில் உண்டு. அதைத் தொட்டதில்லை. அப்படிப் பதிந்தது பல சமயம் வேறு கேமராவில் ஓடாது, கட்டம் கட்டமாக உடையும். எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் பதிவைத் தொடங்கினால் நடுவே வெற்றிடம் விழுந்து, நேரக்குறியீடு மீண்டும் சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். ஒரே நாடாவில் இரண்டு பத்தாவது நிமிடம் இருந்தால் கணினி தவறானதைத்தான் எடுக்கும். ஆகவே ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் ஐந்து விநாடி கூடுதலாக ஓடவிட்டு, அடுத்த பதிவை அந்த ஐந்து விநாடிக்குள்ளேயே தொடங்குவது பழக்கம். நாடாவைக் கணினிக்கு மாற்ற, ஒரு மணி நேரத்துக்கு 13 கிகாபைட் இடம் வேண்டும். வட்டு பழைய முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது, ஏறக்குறைய 19 நிமிடத்தில் அறுந்துவிடும்.

நம் நிலையத்தார் பலர் இன்று லண்டனிலும் சிட்னியிலும் டொரண்டோவிலும் இருக்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இந்தக் கேசட்டுகள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடப்பது தெரியும். கனடாவில் வாங்கிய பெரும்பாலான கேமராக்களில் அவை ஓடா. தொலைக்காட்சிப் படத்துக்கு அன்று தென்னாப்பிரிக்காவில் இருந்தது பால் (PAL) முறை, கனடாவில் என்டிஎஸ்சி (NTSC). PAL கேமரா ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். நாடாவை ஒரு நாள் அறைச் சூட்டில் வைத்து, முதலில் கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, அதன்பின் பதிவெடுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியில் செருகும் மஞ்சள் கம்பி வழியாக எடுக்க வேண்டாம், தரம் போய்விடும். நாடாவில் உள்ளதை அப்படியே கணினிக்குக் கொண்டுவரும் ஃபயர்வயர் (FireWire) துளை உள்ள பழைய கணினி வேண்டும். கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டுத்தான் கம்பியைச் செருக வேண்டும், தலைகீழாக அழுத்தினால் கேமராவின் துளை கருகும். படம் சதுரம் சதுரமாக உடைந்தால் துப்புரவுக் கேசட்டைப் பத்து விநாடி மட்டும் ஓட்டுங்கள். மூலக் கோப்பைச் சுருக்காமல் இரண்டு வட்டில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

லேபிள் உதிர்ந்த நாடாவையும் எறிய வேண்டாம். எந்தப் படப்பிடிப்பிலும் முதலில் ஒரு பலகையைக் கேமராவுக்கு முன் பிடிப்பது நம் வழக்கம். தேதி, ஊர், கோயில், கேமரா பிடித்தவர், மைக் பிடித்தவர் என எல்லாம் சாக்குக் கட்டியில் எழுதியிருக்கும். முதல் நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள்.