திருப்பிக் கட்டின ரீலொகேஷன் காசுக்கு வரியும் நானே கட்டின கதை

எனக்கு ஊரு பாம்பன். 2023 ஜூன்ல சென்னைல இருந்து ஹைதராபாத் கம்பெனி ஒண்ணுக்கு மாறினப்ப ஊர் மாறுற செலவுக்கு ரீலொகேஷன் அலவன்ஸ்னு ஒன்றரை லட்சம் குடுத்தாங்க. பில்லு ஒண்ணும் கேக்கல, சம்பளத்தோட சேத்துப் போட்டாங்க, அதனால முழுசுக்கும் வரி. நான் 30 சதவீத ஸ்லாப், செஸ்ஸோட 31.2, ஆக 46,800 டிடிஎஸ்ல (சம்பளத்துலயே பிடிக்கிற வரி) போய் கைக்கு வந்தது 1,03,200 தான். ஒரு வருஷத்துக்குள்ள வேலைய விட்டா முழுசா திருப்பித் தரணும்னு ஆஃபர் லெட்டர்ல ஒரு வரி இருந்துச்சு, அப்ப யாரு அதெல்லாம் படிச்சா.

2024 பிப்ரவரில அப்பாவுக்கு மீன்பிடி போட்டுல, வலை இழுக்குற வின்ச்சுல கை மாட்டி விரல் ரெண்டு போச்சு. பேப்பர் போட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். பாம்பன் பாலத்துல ரயில் ஓடாத நேரம், மண்டபத்துல இறங்கி பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்து பைய இறக்கி வைக்கல, எச்ஆர்கிட்ட இருந்து மெயில், 1,50,000 கட்டுங்கன்னு. எனக்கு வந்ததே ஒரு லட்சத்து மூவாயிரம், நான் எதுக்கு ஒன்றரை கட்டணும்னு கேட்டா, மிச்சத்த உங்க பேர்ல கவர்மென்டுக்கு கட்டியாச்சு, அத நீங்க வருமான வரி ரிட்டர்ன்ல வாங்கிக்கோங்கன்னு பதில். கேக்க ஈசியாத்தான் இருந்துச்சு.

ராம்நாட்ல ஒரு ஆடிட்டர்கிட்ட போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "தம்பி, காச எப்ப கட்டப் போறீங்க, மார்ச் 31க்கு முன்னாடியா பின்னாடியா?" அதே நிதியாண்டுக்குள்ள கட்டிட்டா கம்பெனியே மொத்த சம்பளத்துல இருந்து கழிச்சு பார்ம் 16 (சம்பளத்துக்கும் பிடிச்ச வரிக்கும் கம்பெனி தர்ற சான்றிதழ்) குடுக்கலாம், தாண்டிட்டா பழைய வருஷ வருமானம் அப்படியே நின்னுரும்னாரு. திருப்பிக் கட்டின சம்பளத்துக்குன்னு அப்ப இருந்த வரிச் சட்டத்துல தனிப் பிரிவு கிடையாதாம், 16வது பிரிவுல கழிக்கிறது ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், தொழில் வரி மாதிரி ரெண்டு மூணுதான். நோட்டீஸ் காலம் முடிக்காம போனதுக்கு சம்பளத்துல பிடிச்ச (நோட்டீஸ் பே) ஒரு கேஸ்ல அகமதாபாத் வருமான வரி டிரிப்யூனல் 2017ல ஊழியர் பக்கம் தீர்ப்பு சொல்லியிருக்கு, அத வச்சு வாதாடலாம், ஆனா வாதாடணும்னு சொல்லி சிரிச்சாரு.

கையில இருந்தது ஒரு லட்சம். 28 மார்ச், பெரிய வியாழன், மறுநாள் புனித வெள்ளி எல்லாம் லீவு. செல்லுல அனுப்பலாம்னா புதுசா சேத்த கணக்குக்கு முதல் நாள் லிமிட்டுன்னு மறிச்சிருச்சு, அப்புறம் பேங்குக்கே ஓடி வரிசைல நின்னு நெஃப்ட் போட்டு, காசு அனுப்பினதுக்கு அடையாளமான அந்த யுடிஆர் நம்பர மொட்டை மாடில சிக்னல் பிடிச்சு எச்ஆருக்கு மெயில் பண்றப்ப கோயில்ல பூசை தொடங்கியிருச்சு. மிச்சம் ஐம்பதாயிரம் மே மாசம் தான் முடிஞ்சுது. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலம், போட்டு கரைல கிடக்குது, அம்மா சங்கிலிய அடகு வச்சுத்தான் கட்டினோம்.

ஜூன் நடுவுல பார்ம் 16 வந்துச்சு. திறந்து பாத்தா ஒன்றரை லட்சமும் அப்படியே உள்ள இருக்கு! ஆடிட்டர் பென்சில எடுத்து சம்பளத்தக் காட்டுற 17(1)ங்கிற லைன வட்டம் போட்டு, இத மாத்தி வாங்குங்கன்னாரு. நாமளே ரிட்டர்ன்ல குறைச்சுப் போட்டா வரித்துறைகிட்ட இருக்குற நம்ம வருமானக் கணக்கு, அதான் ஏஐஎஸ், அதோட ஒத்துப் போகாது, கேள்வி வரும்.

எச்ஆர்ல முதல்ல 24கியூ (கம்பெனி வரித்துறைக்குக் குடுக்குற டிடிஎஸ் கணக்கு) ஃபைல் பண்ணியாச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. முடியும், கரெக்ஷன் ஸ்டேட்மென்ட் போடலாம்னு ஆடிட்டர் எழுதிக் குடுத்தத அப்படியே அனுப்பினேன், யுடிஆர், பேங்க் ஸ்டேட்மென்ட், அவங்களே வாங்கிக்கிட்டோம்னு சொன்ன மெயில் எல்லாம் சேத்து. ஆறு மெயில், மூணு போன். (போன்ல பேசினது எதுக்கும் உதவல, மெயில்தான் உதவுச்சு.) ஜூலை 22ஆம் தேதி புது பார்ம் 16 வந்துச்சு, ஒரு லட்சம் குறைஞ்சு, டிடிஎஸ் மட்டும் பழையபடி. 29ஆம் தேதி ரிட்டர்ன் போட்டேன், அந்த ஒரு லட்சத்துக்கான 31,200 ரீஃபண்டா வந்துச்சு. சங்கிலிய மீட்டோம்.

மே மாசம் கட்டின ஐம்பதாயிரத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. காசு வந்தது அடுத்த வருஷம்னு கம்பெனி கைய விரிச்சிருச்சு, இப்ப நான் வேலை பாக்குற மதுரைக் கம்பெனி யாரோ குடுத்த காச அவங்க குடுக்குற சம்பளத்துல ஏன் கழிக்கப் போறாங்க. 15,600 ரூபாய். ரிட்டர்ன திருத்தி ரிவைஸ்டு ரிட்டர்ன் போட்டு அந்த டிரிப்யூனல் தீர்ப்ப காட்டிப் பாப்பமான்னு ஆடிட்டர் கேட்டாரு, டிசம்பர் 31 வரைக்கும் டைம் இருந்துச்சு. அப்பாவ கைக்கு பிசியோதெரபிக்கு வாரம் ரெண்டு தடவ ராம்நாட் கூட்டிட்டுப் போய் வந்துக்கிட்டிருந்தேன். போடல.