மூன்றாம் வகை

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் அந்தக் கட்டி தெரிந்தது. கழுத்தில், தைராய்டு சுரப்பியின் வலது பக்கம். இப்படி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றார். தெரியவில்லை. அந்தச் சோதனையின் முடிவை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். இரண்டு என்றால் பயமில்லை, ஆறு என்றால் புற்றுநோய். எனக்கு வந்தது மூன்று. அதாவது, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, சில மாதம் கழித்து மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம்.

கெட்ட செய்தி வந்திருந்தால் உடனே முழங்காலில் விழுந்திருப்பேன். இந்த 'சொல்ல முடியாது' என்பதை வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் என்ன கேட்பதென்றே புரியவில்லை. குணமாக்கும் என்று கேட்கலாம் என்றால், நோய் இருக்கிறதா என்பதே தெரியாது.

விஷயம் தெரிந்ததும் சபையில் பலர் வசனம் அனுப்பினார்கள். அதிகம் வந்தது எரேமியா 29:11. கர்த்தர் நம்மேல் வைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்கிற வசனம். அன்பாகத்தான் அனுப்பினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் நாத்தனார், "விசுவாசம் இருந்தா பயம் வராது அண்ணி" என்றபோது எனக்குச் சுருக்கென்றது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டு, இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று முறை ஜெபித்தாரே! அப்போஸ்தலர் பவுலும், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். பாத்திரமும் நீங்கவில்லை, முள்ளும் போகவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைதான் வரும்.

அந்த மாதங்களில் எனக்குக் கைகொடுத்தவை சங்கீதங்கள், வேதத்தில் இருக்கும் ஜெபப் பாடல்கள். அதிலும் புலம்பல் சங்கீதங்கள். 13-ஆம் சங்கீதத்தில் மொத்தம் ஆறே வசனங்கள். முதல் இரண்டில் மட்டும் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேள்வி வருகிறது. கடைசியில் தாவீது பாடத் தொடங்கிவிடுகிறார். என்னால் அவ்வளவு சீக்கிரம் அங்கே போக முடியவில்லை. அப்படிப்பட்ட இரவுகளில் 88-ஐ எடுப்பேன். அது இருளிலேயே முடிந்துவிடும், ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் கிடையாது. ஆண்டவர் அதையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார் என்றால், இப்படி ஜெபிக்கிறவர்களும் அவருக்கு வேண்டியவர்கள்தான் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் தூக்கம் வரும். சில நாள் வராது.

ஒருநாள் அந்த எரேமியா அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. எல்லோரும் அனுப்பிய வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்புவதற்குள் இறந்திருப்பார்கள். அவர்களிடம் கர்த்தர் முதலில் சொன்னது என்ன? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள்.

நானோ எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தேன். வெள்ளையடிப்பதா, ரிப்போர்ட் வரட்டும். மகளுக்குப் பல்லில் கம்பி கட்டுவதா, ரிப்போர்ட் வரட்டும். பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் ஒத்திகை, அதுவும் அப்படியே. அதைப் படித்த வாரமே மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன், ஒத்திகைக்கும் போகத் தொடங்கினேன். பயம் போகவில்லை. பயத்தோடு போனேன், அவ்வளவுதான். நம்பிக்கை என்றால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்து இறங்குவது என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அது பெரும்பாலும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வருவதாகத்தான் இருந்தது.

இரண்டாவது ஊசியிலும் மூன்றாம் வகைதான். இப்போது முடிவு என் கையில். கட்டியைக் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம், அல்லது சுரப்பியின் அந்தப் பாதியை எடுத்துவிட்டு முழுதாகச் சோதிக்கலாம். எடுத்தால் குரல் பாதிக்கப்படும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்றார் சர்ஜன். குரல்வளைக்குப் போகும் நரம்புகள் சுரப்பியை ஒட்டியே போகின்றனவாம், அதில் ஒன்று உச்சஸ்தாயிக்கு உதவுவது. நான் பாடகர் குழுவில் சோப்ரானோ, அதாவது பெண்களின் மேல் குரல், பாடுகிறவள்.

ஓர் அடையாளம் காட்டும் என்று ஜெபித்தேன். கனவும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. போதகரிடம் கேட்டபோது, "இரண்டில் எதுவும் பாவமில்லை. டாக்டரிடம் நன்றாகக் கேட்டு முடிவு பண்ணும்மா, எந்த முடிவை எடுத்தாலும் ஆண்டவர் கூட இருப்பார்" என்றார். அந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ஆலோசனை அதுதான் என்பேன். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு கணவரோடு போனேன். மாத்திரை தேவைப்படுமா, மற்ற பாதி வேலை செய்யுமா, புற்றுநோய் என்றால் மறுபடி ஆபரேஷனா என்று எல்லாம் கேட்டுவிட்டு, எடுத்துவிடலாம் என்றோம்.

புற்றுநோய் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதேன், கணவர் என்னைவிட அதிகம் அழுதார்.

குரல்தான் முழுதாகத் திரும்பவில்லை. பேச்சில் வித்தியாசம் தெரியாது, மேலே போகும்போது மட்டும் காற்றுதான் வருகிறது. ஆண்டவர் செய்ததைச் சபையில் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டபோது இதையும் சேர்த்தே சொன்னேன். நல்ல முடிவோடு நிறுத்தியிருக்கலாமே என்று கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா வருத்தப்பட்டார். நன்றியும் உண்மை, வருத்தமும் உண்மை, ஆண்டவருக்கு இரண்டும் தெரியும் என்றேன்.

இப்போது ஆல்டோ வரிசையில் நிற்கிறேன். இத்தனை வருஷம் மெட்டையே பாடிவிட்டு, அதற்குக் கீழே போகும் வரியைப் பிடிப்பது லேசில்லை. பாதிப் பாட்டில் பழைய வரிக்கே ஓடிவிடுகிறேன், பக்கத்தில் நிற்கிறவர் முழங்கையால் இடித்து இழுத்து வருகிறார்.