கச்சானும் ஒரு நீலக் கோளும்

20 ஜூலை 2025, கல்லடி

கச்சான் இன்றும் விடவில்லை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிற காற்று. துடைத்த மேசையில் மறுபடியும் மணல். இந்த வெக்கையில் குளிரான எதையாவது நினைக்கலாம். எனக்கோ எச்டி 189733 பி ஞாபகம் வந்தது. 2005இல் கண்டுபிடித்த, வேறொரு விண்மீனைச் சுற்றும் நீல வாயுக்கோள், வியாழனைவிடச் சற்றுப் பெரிது, சுமார் 64 ஒளியாண்டு தூரம். வெப்பம் 1000 பாகை செல்சியசுக்குக் கிட்ட. அங்கும் மேற்கிலிருந்து கிழக்கேதான் காற்று, மணிக்கு 8000 கிலோமீற்றருக்கு மேல்.

22 ஜூலை

மருமகன் வந்திருந்தான். பத்து வயது. “மாமா, அங்க எங்க நிக்கிற?” என்றான். சரியான கேள்வி. நிற்க நிலமே இல்லை மனே, மேலிருந்து கீழே வாயுதான் என்றேன். அந்தக் கோளுக்கு ஒரு வருடம் என்பது நமக்கு 2.2 நாள். கணக்குப் பார்த்தான், அங்கே அவனுக்கு 1600 வயதுக்கு மேல். அம்மம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டான்.

கோளின் ஒரு முகம் எப்போதும் விண்மீனையே பார்த்தபடி இருக்கும். விடியலும் இல்லை, அந்தியும் இல்லை. அந்த முகத்தின் நடுவில் இருந்து பார்த்தால் செம்மஞ்சள் சூரியன் ஒன்று உச்சியிலேயே அசையாமல் நிற்கும். நீட்டிய கையின் முட்டியால்கூட அதை மறைக்க முடியாது. அதற்கு நேர் கீழேதான் ஆகக் கூடிய வெக்கை என்று நினைப்போம். ஆனால் காற்று சூட்டைக் கிழக்கே தள்ளிவிடுகிறது. 2007இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் அளவீடுகளை வைத்துப் போட்ட வெப்பப் படத்தில் இது தெரிந்தது. எனக்கு அங்கே ஆகப் பிடித்த விஷயம் இதுதான்.

24 ஜூலை, ஆடி அமாவாசை

மாமாங்கக் கோயிலில் தீர்த்தம், சொல்ல முடியாத சனம். ஒரு பை கச்சான் கொட்டையோடு திரும்பினோம். இரவு நிலவில்லாத வானம். பைனாகுலரில் நரி மண்டலத்தைத் தேடிப் பிடித்து அந்த விண்மீனை மருமகனுக்குக் காட்டினேன். வெறும் புள்ளி. கோள் நம் கண்ணுக்கு அகப்படாது. “மறுகா எப்படி நீலம் எண்டு தெரியும்?” கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது, வருகிற மொத்த ஒளியில் நீலம் மட்டும் கொஞ்சம் குறைந்ததை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அளந்தது, 2013இல் அறிவித்தார்கள். கடல் நீலமல்ல அது. மேகத்திலுள்ள சிலிக்கேட், அதாவது கண்ணாடி மாதிரித் துகள்கள் சிதறடிக்கும் ஒளி என்று நினைக்கிறார்கள். அந்தக் காற்றில் கண்ணாடி மழை பெய்தால் குறுக்காகத்தான் பெய்யும்.

25 ஜூலை

நாற்றமும் உண்டு. 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவில் ஐதரசன் சல்பைட்டு தெரிந்தது. கூழ்முட்டை வாடை! மருமகனுக்குப் பெரிய சந்தோசம்.

எவ்வளவு நேரம் தாங்குவோம் என்பது இன்றைய கேள்வி. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலம் வியாழனுக்குள் இறக்கிய ஆய்கலம் சுமார் 58 நிமிடம் தகவல் அனுப்பியது. கீழே போகப் போக ஏறிய வெப்பமும் அமுக்கமும் சேர்ந்து அதன் கதையை முடித்தன. அதுவும் குளிர்ந்த வியாழனில். அந்த நீலக் கோளில் ஒரு நிமிடம்கூடக் கொடுக்க எனக்கு மனமில்லை. அவன் பேரம் பேசி ஐந்துக்கு வந்திருக்கிறான்.