வீட்ல சொல்லாம பிபி மாத்திரைய நிறுத்துறவங்களுக்கு

எங்க மருந்துக்கடை யாங்கோன்ல அனோயத்தா ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு சந்துல இருக்கு, நானும் என் தம்பியும் மாறி மாறி நிப்போம். நம்ம ஆளுங்க, அம்பது வயசு பக்கம் இருக்கும், உள்ள வந்து கண்ணாடி அலமாரியையே கொஞ்ச நேரம் பாத்துட்டு நிப்பாங்க, அப்புறம் மெதுவா "தம்பி இல்லையா தங்கச்சி?"ன்னு கேப்பாங்க. எனக்கு உடனே புரிஞ்சிடும், கேக்க வந்தது பவர் மாத்திரை, அதாவது விறைப்புக்குப் போடுறது. சாயங்காலம் தம்பி வந்ததும் வாங்கிட்டுப் போயிடுவாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இவங்கள்ல பல பேர் மாசாமாசம் எங்ககிட்டயே பிபி மாத்திரை வாங்கினவங்க, திடீர்னு அதை வாங்குறதை விட்டிருப்பாங்க. விசாரிச்சா கடைசில ஒரே காரணம்தான் வரும், "அதைப் போட ஆரம்பிச்சதுல இருந்து ஆம்பளத்தனமே போச்சு". வீட்ல சம்சாரத்துக்குக்கூட தெரியாது, டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, அவங்களாவே முடிவு பண்ணி நிறுத்திடுவாங்க. இதை நினைச்சாதான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு, அதனால நேர்ல கேக்கக் கூச்சப்படுறவங்க படிக்கட்டும்னு வெளிப்படையாவே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். விறைப்பு சரியா வராததுக்கு மாத்திரையவிட பிபியே பெரிய காரணமா இருக்கும். விறைப்புங்கறது முக்கியமா ரத்த ஓட்ட சமாச்சாரம், வருஷக்கணக்கா அழுத்தம் கூடுதலா இருந்தா ரத்தக்குழாயோட உள் சுவர் கெட்டுப்போகும், விரிஞ்சு குடுக்காது. ஆண்குறிக்குப் போற குழாய் 1லேர்ந்து 2 மில்லிமீட்டர்தான், இதயத்தோட குழாய் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். அப்ப சின்னக் குழாய்ல பாதிப்பு முதல்ல தெரியும், நெஞ்சுவலி அதுக்குச் சில வருஷம் கழிச்சு வரலாம். அதனால அம்பது வயசுல இந்தப் பிரச்சினை புதுசா வந்தா அதை வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, மானம் போற விஷயமாவும் நினைக்காதீங்க, பிபி, சுகர், கொழுப்பு, ஈசிஜி எல்லாம் பாத்துடுங்க.

மாத்திரைக்கும் பங்கே இல்லன்னு நான் சொல்லல. அட்டெனலால், ப்ரொப்ரனலால் மாதிரி பழைய மாத்திரைங்க, நீர் பிரிய குடுக்குற ஹைட்ரோகுளோரோதையசைடு, ஸ்பைரனலாக்டோன், இதெல்லாம் சில பேருக்கு இந்தத் தொந்தரவைக் குடுக்கும். அம்லோடிபின், எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் இதுங்கள்ல பொதுவா அந்தப் பிரச்சினை கிடையாது. மாத்த வழி இருக்கு, ஆனா டாக்டர் மாத்தணும்னா நீங்க வாயத் திறந்து சொல்லணும் இல்லையா. அட்டெனலாலைத் திடீர்னு நிறுத்துனா பிபி எகிறும், நெஞ்சு படபடப்பு வரும், இதயத்துல அடைப்பு இருக்கறவங்களுக்கு மாரடைப்புலகூட போய் முடியும். குறைக்கணும்னா கொஞ்சம் கொஞ்சமா, டாக்டர் சொல்றபடிதான்.

பயமும் இதுல பெரிய பங்கு. இத்தாலில அட்டெனலால் வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2003ல வந்தது. என்ன மாத்திரைன்னே சொல்லாம குடுத்தவங்கள்ல நூத்துக்கு 3 பேருக்குத்தான் விறைப்புப் பிரச்சினை வந்துச்சு, பேரை மட்டும் சொல்லிக் குடுத்தவங்கள்ல நூத்துக்கு 16 பேர் போல, "இது படுக்கைல தொந்தரவு குடுக்கலாம்"னு சொல்லியே குடுத்தவங்கள்ல 31 பேர். மாத்திரை ஒண்ணேதான்! இதைப் படிச்ச அப்புறம் நான் ஒருத்தருக்கு அட்டையை எடுத்துக் குடுக்கும்போது என்ன பேசுறேன்னு ரொம்ப யோசிச்சுதான் பேசுறேன்.

இப்ப அந்த பவர் மாத்திரை. சில்டெனாஃபில் முதல்ல நெஞ்சுவலிக்காகத்தான் பரிசோதனைல இருந்துச்சு, அப்புறம்தான் இந்த வேலைக்கு ஆகும்னு தெரிஞ்சு 1998ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. பிபி கட்டுப்பாட்டுல இருக்கறவங்க பல பேர் பிபி மாத்திரையோட சேத்து இதைப் போடலாம், டாக்டர் சரின்னா. ஆனா நெஞ்சுவலிக்கு நாக்கு அடியில வெக்கிற மாத்திரை இருக்கே, நைட்ரேட் வகை, ஐசோசார்பைடுன்னு அட்டைல போட்டிருக்கும், அதைப் போடுறவங்க இந்தப் பக்கமே வரக்கூடாது. ரெண்டும் சேந்தா பிபி கீழ கீழ போய் ஆள் சுருண்டு விழுந்துடுவார், உயிரே போகும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், அதே வகையைச் சேந்த டடலாஃபில்னா 48 மணி நேரம் வரைக்கும் அந்த நெஞ்சுவலி மாத்திரையத் தொடக்கூடாது. ராத்திரி வலி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா கூச்சப்படாம இதைப் போட்டேன்னு சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தைல உயிர் பொழைக்கலாம். ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம்னு ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரை போடுறவங்களும் கேட்டுட்டுதான் போடணும். பேரே இல்லாத பொட்டலம், "மூலிகை"ன்னு எழுதுன பவுடர் இதெல்லாம் வாங்கவே வாங்காதீங்க, அதுலயும் சில்டெனாஃபிலைக் கலந்து விக்கிறாங்க, எவ்வளவு கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது.

நிறைய பேருக்கு இன்னொரு பயம், பிபி இருக்கறப்ப சேந்தா நரம்பு வெடிச்சுடுமோன்னு. சில வீட்ல மனைவிதான் பயந்து ஒதுங்கிப் படுக்குறாங்க, அவரு அதை வெறுப்புன்னு நினைச்சுக்குறார், ரெண்டு பேருமே வாய் திறக்கறதில்ல. புருஷன் பொண்டாட்டி சேர்றது உடம்புக்கு ரெண்டு மாடி வேகமா ஏறுற அளவு வேலைதான். நம்ம டவுன்டவுன் வீடுங்க எப்படின்னு தெரியுமே, லிஃப்ட் கிடையாது, நெட்டுக்குத்தா ஒரு படிக்கட்டு, அஞ்சாவது மாடி ஆறாவது மாடி. அதனாலதானே பால்கனில இருந்து கயித்துல கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டு பேப்பரையும் காய்கறியையும் மேல இழுத்துக்குறோம். அந்தப் படியில மூச்சு வாங்காம, நெஞ்சு பிடிக்காம ஏறி வர முடியுதுன்னா பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. அந்த நேரத்துல பிபி ஏறத்தான் செய்யும், பிபி இல்லாதவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மேல் அளவு 170ஐத் தாண்டாது, பிபி இருக்கறவங்களுக்கு அதைவிடக் கூடலாம், கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே 180க்கு மேல நிக்குதுன்னா முதல்ல அதைக் கட்டுப்படுத்துங்க, அதுவரைக்கும் பொறுத்திருக்கலாம். நடுவுல நெஞ்சு இறுக்கினாலோ தலை சுத்தினாலோ நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சாப்பாடு பத்தி நீட்டி முழக்கப் போறதில்ல, உங்களுக்கே தெரியும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாத்தையும் சேத்து. நம்ம தட்டுல ஙப்பி (உப்புப் போட்டு ஊற வெச்ச மீன், இறால் விழுது) இருக்கு, கருவாடு இருக்கு, ஊறுகாய் இருக்கு, மொகிங்காங்கற மீன் குழம்பு நூடுல்ஸ்ல மேல மேல மீன் சாஸ் ஊத்துறோம், அஜினமோட்டோலயும் உப்புல இருக்கற சோடியத்துல மூணுல ஒரு பங்கு இருக்கு. எல்லாத்தையும் விடச் சொல்லல, ஒரு வேளைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. பொகையிலை போட்ட கூன்யாவும் (வெத்தலை மடிப்பு) சுருட்டும்தான் உண்மையிலேயே விடவேண்டியது. ஆம்பளைங்களுக்கு முக்கியமா சொல்றேன், நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், சுருங்குன குழாய்ல விறைப்பு எங்கேர்ந்து வரும்? ராத்திரி ரெண்டு பெக் போட்டா தைரியம் வரும்னு நினைக்கிறவங்களுக்கும் அது நேர்மாறாத்தான் முடியும். கண்டோஜி ஏரிப் பக்கம் வேகமா நடங்க, வாரத்துக்கு 4 நாள் 40 நிமிஷம், ஆறு மாசம் விடாம. பிபியும் இறங்கும், படுக்கையிலயும் வித்தியாசம் தெரியும். குறட்டை பலமா விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, பிபி இறங்காம இருக்க அதுவும் ஒரு காரணம்.

பொம்பளைங்க பத்தி யாரும் பேசறதே இல்ல, அதான் எனக்கு ஆதங்கம். பிபி உள்ள பொம்பளைங்களுக்கும் ஆசை குறையலாம், ஈரம் வராம எரிச்சலும் வலியும் இருக்கலாம், மாதவிடாய் நின்ன அப்புறம் இன்னும் கூடும். வலியோட பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லைங்க, அதுக்கு தண்ணி மாதிரியான ஜெல் இருக்கு, டாக்டர் பாத்து குடுக்குற க்ரீம் இருக்கு, என்கிட்ட கேக்க "தம்பி இல்லையா"ன்னு தேடவும் வேண்டாம். கர்ப்பத்தடை மாத்திரைல ரெண்டு ஹார்மோன் சேந்த வகை பிபியை ஏத்தும், அதனால பிபி இருக்கறவங்க அதை விட்டுட்டு வேற முறைக்கு மாறணும், ஒத்த ஹார்மோன் மாத்திரை, காப்பர் டி இந்த மாதிரி. பிபிக்குன்னு எனலாப்ரிலோ லோசார்ட்டானோ போட்டுட்டு குழந்தைக்கு முயற்சி பண்றவங்க, தேதி தள்ளிப்போற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த ரெண்டும் வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாது. முயற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போய் மாத்தி வாங்கிக்கணும், மாத்தி வாங்குற வரைக்கும் பிபி மாத்திரைய நீங்களா நிறுத்தவும் கூடாது.